வரடைக்கரற்று: ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்குச் சில புத்தகங்கள்



போன எபிசோட்டில், போன் எப்படி எழுத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கிறது என்று கதைத்தோம். நடுவில் என் அம்மம்மாவின் கதையை ஒரு இரண்டு நிமிடம் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. "அது என்ன புத்தகம்? வேற என்ன வாசிக்கலாம்?" என்றுதான் கேட்டிருந்தீர்கள். ஒருவர் எழுதியது என்னைச் சுட்டது: "எனக்குத் தமிழ் நல்லா விளங்கும், கதைப்பன். வாசிக்கத்தான் பஞ்சி." இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் எழுதியிருப்பேன். அதனால் இந்த முறை நியூஸ்லெட்டர் முழுக்கப் புத்தகம். கதையும் உண்டு, கதையில்லாததும் உண்டு. சில தமிழில், சில ஆங்கிலத்தில்.

முதலில் அம்மம்மா கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர் எங்களோடுதான் பிளாக்டவுனில் இருக்கிறார். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. கண்ணுக்கு ஊசி போடுகிறார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் அது உதவும், போனது வராது. வாழ்க்கை முழுக்க வாசித்த மனிசி. ஒருநாள் சும்மா கேட்பது போலக் கேட்டார்: "செங்கை ஆழியான்ர வாடைக்காற்று இங்க எடுக்கேலுமே?"

எடுக்கலாம். செங்கை ஆழியான் யாழ்ப்பாணத்து எழுத்தாளர், சொந்தப் பெயர் குணராசா. 'வாடைக்காற்று' வீரகேசரி பிரசுரமாக 1970களில் வந்தது, 1978இல் படமாகவும் வந்தது. வாடை வீசும் காலத்தில் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களின் கதை. 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் அதன் ஸ்கேன் இருந்தது. ஐந்து நிமிடத்தில் டவுன்லோட் செய்து, போனிடம் கொடுத்து, "அம்மம்மா, இப்ப இது உங்களுக்கு வாசிக்கும் பாருங்கோ" என்று பெருமையாகச் சொன்னேன்.

போன் வாயே திறக்கவில்லை.

காரணம் எளியது. அந்தக் கோப்பில் எழுத்தே இல்லை. இருந்தது படம். ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ. நமக்கு அது 'அ' என்று தெரிகிறது. கருவிக்கு அது கறுப்புப் புள்ளியும் பழுப்புப் புள்ளியும்தான். கலியாண அல்பத்தைக் கொடுத்து வாசி என்று சொன்ன மாதிரி.

சரி, படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இருக்கிறதே, அதைப் போடுவோம் என்று போட்டேன். அது பக்கத்தை வரிவரியாகப் பிரிக்கும், வரியை எழுத்து எழுத்தாகப் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் இது எதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கும். ஆங்கிலத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். நான் கொடுத்த மங்கிய ஸ்கேனில் முதல் பக்கத் தலைப்பே இப்படி வந்தது: "வரடைக்கரற்று".

கொஞ்சம் பாருங்கள். 'வா'வில் இருக்கிற காலும் 'ர' என்ற எழுத்தும் பழைய அச்சில் கிட்டத்தட்ட ஒரே உருவம். 'ர'வின் அடியில் ஒரு சின்னச் சாய்வு இருக்கும், மலிவுத் தாளில் மை பரவினால் அதுவும் போய்விடும். இதோடு இன்னொரு சிக்கல்: பழைய புத்தகங்களில் லை, னை, ணை, ளை எல்லாம் இப்போது நாம் எழுதுகிற மாதிரி இருக்காது. மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். தமிழ்நாட்டு அரசு 1978இல் இப்படிப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் தன் பத்திரிகையில் 1935இலேயே தொடங்கிய மாற்றம் அது. அதற்கு முன் அச்சான புத்தகம் பழைய கோலத்தில்தான் இருக்கும். மென்பொருள் அந்தத் தும்பிக்கையைக் கண்டு முழித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் முழித்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு யாரும் தும்பிக்கையைக் காட்டவில்லை. உருவத்தைச் சொல்லிக் கேட்டபோது அம்மம்மா மேசையில் விரலால் எழுதிக் காட்டினார். "இது லை. இது கூடத் தெரியாதே?"

ஆக, கருவி கைவிட்டது. நானே வாசிக்கத் தொடங்கினேன். முதல் இரவு மூன்று பக்கம், நாற்பது நிமிடம். "உன்ர வாசிப்பு ட்ரெயின் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிக் கிடக்கு" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் என்னுடைய முதல் பரிந்துரை வருகிறது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெயரைக் கேட்டதும் பரீட்சை ஞாபகம் வந்து ஓடாதீர்கள். நான் வாசித்ததில் இதைவிட நல்ல டேட்டா ரெக்கவரி கதை கிடையாது.

1880ஆம் ஆண்டு. சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப், சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று நீளமாகப் பட்டியல் சொல்கிறார். முதலியார் அசையவே இல்லை. இதெல்லாம் சரி, இதற்கு முந்தைய நூல்கள்? சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? ஆசிரியர் அவற்றைப் படித்ததில்லை. புத்தகமே கிடைக்கவில்லை என்கிறார். இன்று நம் எல்லாருக்கும் பெயராவது தெரிந்த சிலப்பதிகாரம், அன்று தமிழ் ஆசிரியருக்கே கைக்கு எட்டாத கோப்பு!

அந்த வெட்கத்தில் தொடங்கியது வேலை. சீவக சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். ஆனால் தேடுவது பாதி வேலைதான். ஓலையை வாசிப்பது மீதி. ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போது 'க'வும் 'க்'கும் ஒன்று. குறில் நெடில் வேறுபாடும் இல்லை: 'கெடு' என்று இருந்தால் அது கெடுவா, கேடா? காலும் ரகரமும் ஒரே கீறல்: 'பரவை' என்றால் கடல், 'பாவை' என்றால் பொம்மை, ஓலையில் இரண்டும் ஒன்றுபோலத்தான். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது.

வரடைக்கரற்று! என் போனுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது. அவர் என்ன செய்தார்? ஒரே நூலின் பல பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, எங்கெல்லாம் வேறுபடுகின்றன என்று பார்த்தார். அதற்குப் பாடபேதம் என்று பெயர். கோட் எழுதுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும்: இரண்டு வெர்ஷனை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொல்வோமே, அதேதான். பிறகு உரை, இலக்கணம், வேறு நூலில் வந்த மேற்கோள் எல்லாவற்றையும் வைத்து எது சரி என்று முடிவெடுத்தார். ஒத்துவராத பாடத்தையும் தூக்கி எறியாமல் குறித்து வைத்தார். அந்த ஒழுக்கம் என்னைக் கவர்ந்தது.

எங்கட ஆட்கள் கேட்பீர்கள் என்று தெரியும்: ஆமாம், அவருக்கு முன்னோடி சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரில் ஒருவர். வீரசோழியம், கலித்தொகை எல்லாம் ஏட்டிலிருந்து அச்சுக்கு அவர் கையால்தான் வந்தன. 'என் சரித்திரத்'தில் அவரும் வருகிறார்.

இந்தப் புத்தகம் 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் ஆசிரியர் இறந்ததால் முடியாமலே நின்றுவிட்டது. தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னன். மொழியும் நினைக்கிற அளவு கடினமில்லை. இணையத்தில் இலவசமாக, எழுத்தாகவே கிடைக்கிறது, போன் அழகாக வாசிக்கும். தமிழில் முடியாதென்றால், கமில் சுவெலபில் என்ற செக் அறிஞரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

எழுத்தாகவே கிடைக்கிறது என்று சொன்னேனே, அது தானாக நடக்கவில்லை. 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் வேலை செய்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி 'மதுரைத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்த ஆட்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். சம்பளம் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' வேறு வழியில் போனது: ஈழத்து எழுத்துகளை முதலில் ஸ்கேன் செய்து காப்பாற்று, மற்றதைப் பிறகு பார்ப்போம். ஏன் இந்த அவசரம் என்று கேட்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து, எரிந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, வேறு பிரதி இல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் படம் எடு என்ற முடிவு அதனால்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது, அம்மம்மாவின் போன் அதை வாசிக்காவிட்டாலும்.

(சின்ன இடைச்செருகல். படமும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் மூன்றாவது ஒரு இனம் இருக்கிறது: பாமினி. உங்கள் அப்பா தட்டிய விழா மலர், கோயில் அறிவித்தல் எல்லாம் பழைய கொம்பியூட்டரில் இருந்தால் திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவியலாக வரும். அது உள்ளே ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியது. யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது, ஆனாலும் நாம் பாமினியை விடக் கனகாலம் பிடித்தது. இலவச மாற்றிகள் இருக்கின்றன. அந்தக் கோப்புகள் போவதற்கு முன் மாற்றி வையுங்கள்.)

அடுத்தது சுத்தமான ஜாலி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியமான ஆள். 1980களில் எழுதிய இந்த நாவல் நடப்பது 2020களில், அதாவது நாம் ஏற்கெனவே தாண்டி வந்த வருடங்களில். குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டும். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. கணவனைக் காணாமல் தேடுகிற நிலாவுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். ஜீனோ கதைக்கும், புத்தகம் வாசிக்கும், வரவர மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். இன்றைக்கு சாட்பொட்டோடு கதைக்கிற நமக்கு ஜீனோ ஆச்சரியமில்லை. ஆச்சரியம், தரவு முழுவதும் அரசிடம் இருந்தால் மனிதர்கள் எவ்வளவு சின்னதாகிப் போவார்கள் என்று அவர் அப்போதே யோசித்தது. முடிவு எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் பட்டது. ஆனால் வாக்கியங்கள் குட்டி, பேச்சு அதிகம், ஆங்கிலச் சொல் தாராளம். பஞ்சிக்காரருக்கு நல்ல முதல் நாவல். பிடித்தால் 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது.

இனி ஆங்கிலம். பெஹ்ரூஸ் பூச்சானி எழுதிய 'நோ ஃப்ரெண்ட் பட் த மவுண்டன்ஸ்'. அவர் தமிழர் இல்லை, ஈரானிலிருந்து வந்த குர்திஷ் ஊடகர். படகில் வந்ததற்காக அவுஸ்திரேலியா அவரை 2013இல் மானுஸ் தீவுக்கு அனுப்பியது. அங்கே தமிழர்களும் அடைபட்டிருந்தார்கள். இந்தப் புத்தகம் முழுவதும் ஒளித்து வைத்த போனில் ஃபார்சியில் தட்டி, வாட்ஸ்அப் மெசேஜாகத் துண்டு துண்டாக வெளியே அனுப்பப்பட்டது. ஒமிட் டோஃபிகியான் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2018இல் வெளிவந்து, 2019 ஜனவரியில் விக்டோரிய இலக்கியப் பரிசை வென்றது. பரிசு கொடுத்த நாட்டுக்குள் எழுதியவரால் அப்போது வரமுடியவில்லை. ஓலை, தாள், ஸ்கேன் என்று இவ்வளவு நேரம் கதைத்தோமே, அந்த வரிசையில் வாட்ஸ்அப்பையும் சேருங்கள். வாசிக்க லேசான புத்தகம் இல்லை. உரைநடை நடுவில் கவிதையாக உடையும், ஆட்களுக்குப் பெயருக்குப் பதில் பட்டப்பெயர்தான் இருக்கும். நான் இரண்டு தரம் இடையில் வைத்துவிட்டு மூன்றாம் தரம்தான் முடித்தேன்.

நம்ம பக்கத்துக் கதை வேண்டுமென்றால் சங்கரி சந்திரனின் 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்'. மேற்கு சிட்னியில் ஒரு கற்பனைப் புறநகர், அங்கே தமிழ் முதியோர் நிறைய இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம். பெயர்தான் கற்பனை, வாசிக்கும்போது பென்டில் ஹில்லும் டூங்காபியும் மூக்கில் மணக்கும். 2023இல் மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருது வாங்கியது. அங்கே வரும் மாயா ஒரு நாவலாசிரியை, ஆனால் வெள்ளைக்காரப் பெயரில் எழுதுகிறவர். அது ஏன் என்பது கதையில் வரும். வெளியிலும் ஒரு கதை இருக்கிறது: சங்கரியின் முதல் நாவல் 'சாங் ஆஃப் த சன் கோட்' 2017இல் முதலில் வந்தது இலங்கையில், அவர் வளர்ந்த அவுஸ்திரேலியாவில் இல்லை. அட்டையைப் பார்த்து இனிப்பான தேத்தண்ணிக் கதை என்று நினைத்து அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். போர்ப் பகுதிகள் வந்ததும் அம்மா இரண்டு நாள் ஒன்றும் கதைக்கவில்லை. சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' அதைவிடக் கனம். 1981 யாழ்ப்பாணத்தில் டொக்டராக வேண்டும் என்று படிக்கும் சசி, அவளுடைய சகோதரர்கள். 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்காத புத்தகம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசாமல் விட்ட விஷயங்கள் நிறைய இதில் இருக்கின்றன, அதனால் சிலருக்குக் கோபமும் வரும். எனக்கும் இரண்டு இடத்தில் வந்தது. பிறகு அது யார்மேல் வந்த கோபம் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அறிவியல் கேட்டவர்களுக்கு ஒன்றே ஒன்று: வெங்கி ராமகிருஷ்ணனின் 'ஜீன் மெஷின்'. சிதம்பரத்தில் பிறந்தவர், 2009இல் வேதியியல் நோபல். இயற்பியலில் டொக்டரேட் எடுத்துவிட்டு, இது எனக்கில்லை என்று உயிரியலை அடியிலிருந்து படிக்கப் போனார். ஆசிரிய வேலைக்கு ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கிடைக்காத காலத்தை மறைக்காமல் எழுதுகிறார். போட்டி, பொறாமை எல்லாம் உண்டு. "இவ்வளவு படிச்சிட்டு இப்ப மாத்தப் போறியே?" என்று வீட்டில் கேட்டால் எடுத்து நீட்டலாம்.

எங்கே எடுப்பது? ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பெரிய தேடல் வேண்டாம். பிளாக்டவுன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம் மக்ஸ் வெபர் நூலகத்துக்கு. தமிழுக்கும் அங்கே கேளுங்கள்: நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் மற்ற மொழிப் புத்தகங்களைப் பொது நூலகங்களுக்கு இரவல் கொடுக்கிறது, தமிழும் அதில் உண்டு. யாரும் கேட்காவிட்டால் யாரும் கொண்டுவந்து வைக்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. வாசிக்கப் பஞ்சி என்று எழுதியவருக்கு நான் தனியே பதில் போட்டேன்: அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' எடுங்கள். கொக்குவிலில் பிறந்து, வேலைக்காக ஆபிரிக்கா, பாகிஸ்தான் என்று சுற்றி, இப்போது கனடாவில் இருப்பவர். நாவல் என்று அட்டையில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக நிற்கும். எங்கே திறந்தாலும் வாசிக்கலாம். பிளாக்டவுனில் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரலுக்கு முன் ஒன்று முடியும். என் வேகத்தில் இரண்டு பயணம்.

அம்மம்மாவும் நானும் வாடைக்காற்றை இந்தக் கிழமை முடித்தோம். கடைசிப் பக்கங்களில் நான் சொல்லைத் தேட முன் அவர் சொல்லிவிடுவார். ஐம்பது வருடத்துக்கு முன் வாசித்தது! ஞாபகம் இருக்குமென்றால் என்னை ஏன் வாசிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்தது என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"உனக்கு விளங்கிறதாப் பாத்து எடு பிள்ளை. லை, னை எல்லாம் புதுசா இருக்கிறதா."

முத்துலிங்கம் மேசையில் இருக்கிறது. நாளை இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறோம்.